உறை செய்யும் தம்பிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் தாவார் வட்டாரத்தில், வீட்டுப் பின்கட்டிலும் மோட்டார் நிறுத்தும் கொட்டகையிலும் உட்கார்ந்து, பிவிசி குழாயைச் சூடுகாட்டித் தட்டையாக்கிக் கத்திக்கும் பாராங்குக்கும் செம்பனை அரிவாளுக்கும் உறை செய்து, சிலருக்கு விற்றும் சிலருக்குச் சும்மா கொடுத்தும் வருகிற தம்பிமார்களே!

உங்களில் பலரை நான் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவன். உங்கள் தகப்பன்மார்களோடு ஒரே ஆலையில் ஷிப்டு பார்த்தவன். நான் சொல்ல வந்த விஷயத்தை ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து தனித்தனியே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் முதலில் கேட்டவருக்கு ‘என்னை மட்டும் குறை சொல்ல வந்தார்’ என்ற மனஸ்தாபமும், கடைசியில் கேட்டவருக்கு ‘மற்றவர்களிடம் என்ன சொன்னாரோ’ என்ற சந்தேகமும் வரும் என்பதால், எல்லாரும் ஒரே சமயத்தில் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உங்கள் உறைகளில் பெல்ட் நுழைவதற்காக நீங்கள் வெட்டுகிற நீள்துளைகள் சரியில்லை, அவற்றால் ஆபத்து உண்டு, ஏற்கெனவே கொடுத்த உறைகளை நீங்கள் திரும்ப வாங்கிப் பார்க்க வேண்டும்.

குறையைச் சொல்வதற்கு முன், நீங்கள் செய்துவருகிற காரியம் அற்பமானது என்று நான் நினைக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 1877இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்ட நாளையிலிருந்து எண்ணினால், இந்த மண்ணில் நம்மவர் கையில் ஏறிய கூரிய ஆயுதங்களுக்குக் கணக்கில்லை. பால்மரக் காட்டில் பட்டை சீவும் கத்தி, புல் வெட்டும் அரிவாள், காடு திருத்தும் பாராங், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் வந்த உளி, நீண்ட கழியின் நுனியில் கட்டும் வளைந்த அரிவாள் என்று ஒவ்வொன்றும் வந்தது. உறை மட்டும் வரவில்லை. மலாய்க்காரர்களின் பாராங்குக்கு மரத்தை இரண்டாகப் பிளந்து குடைந்து பிரம்பால் இறுக்கிக் கட்டிய அழகான உறை உண்டு. கோலகங்சாரில் கிரீஸ் என்னும் குறுவாள் அடிக்கும் கைவினைஞர்கள் கத்திக்குச் செலுத்தும் சிரத்தையில் குறையாமல் அதன் உறைக்கும் செலுத்துவார்கள். நம் லயத்து மனிதர்களோ பால்வெட்டுக் கத்தியைப் பழந்துணியில் சுற்றி வாளிக்குள் போட்டார்கள். அரிவாளைச் சாக்கில் பொதிந்தார்கள். கொஞ்சம் யுக்தி தெரிந்தவர்கள் கிழிந்த சைக்கிள் டியூபை அறுத்து வாய்ப்பகுதியில் மாட்டினார்கள். விடியுமுன்னே தலைவிளக்கின் வெளிச்சத்தில், மழையில் வழுக்கும் மேட்டில், வெறுங்கத்தியோடு நடந்தவர்களின் கெண்டைக்காலிலும் விரலிடுக்கிலும் இருந்த தழும்புகளை நீங்கள் உங்கள் பாட்டிமார்களிடம் பார்த்திருப்பீர்கள். ஆயுதத்தைக் கணக்கெழுதிக் கொடுத்த ஸ்டோரில் உறை என்ற ஒரு வரியை எழுத யாருக்கும் தோன்றாமல் போனதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அந்த வரியை நீங்கள் எழுதுகிறீர்கள். வீடு கட்டி மிஞ்சிய சாம்பல் நிறக் குழாய்த் துண்டையும், தவணையில் வாங்கிய ஒரு ஹீட் கன்னையும், கைக்குள் அடங்கும் டிரெமல் மாதிரியான ஒரு சுழற்கருவியையும் வைத்துக்கொண்டு, தோட்ட நிர்வாகங்கள் செய்யாததை நீங்கள் செய்கிறீர்கள். ஆகையினால்தான் உங்களிடம் கண்டிப்பாகப் பேசுகிறேன். அலட்சியமாகச் செய்கிறவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓர் அறுவடைத் தொழிலாளி, சிறுதோட்டம் ஒன்றில் குலை வெட்டிவிட்டு மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தார். இடுப்பில் உங்களைப் போன்ற ஒரு தம்பி செய்து கொடுத்த உறை, உறைக்குள் பாராங். சிமெண்டுச் சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்துப் பள்ளத்தில் மோட்டார் குதித்தபோது, உறையின் மேல்துளை மூலையிலிருந்து விளிம்பு வரை ‘சடக்’கென்று பிளந்தது. பெல்ட் ஒரு பக்கம் நழுவ, உறை தலைகீழாய்த் தொங்க, பாராங் நழுவி அவருடைய முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அவர் பிழைத்தார், நடக்கிறார், வேலைக்கும் போகிறார். அந்த உறையைக் கேட்டு வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். துளையின் நான்கு மூலைகளிலும் வெட்டுத் தட்டு தன் எல்லையைத் தாண்டி ஓடியிருந்தது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பெருக்கல் குறிபோல் நின்றன. துளையின் உள்ளோரத்தில் உருகி உறைந்த பிளாஸ்டிக் கருத்த மணிகளாக ஒட்டியிருந்தது. பிளவு தொடங்கிய இடம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எந்த மூலையில் கோடு அதிகம் தாண்டியிருந்ததோ, அதே மூலை.

அதற்குப் பிறகு கண்ணில் பட்ட உறைகளையெல்லாம், கேட்டும் கேளாமலும், திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தேநீர்க் கடையில் அறிமுகமில்லாதவர் இடுப்பைக் குனிந்து பார்த்து வசவு வாங்கியதும் உண்டு. பெரும்பாலானவற்றில் கதை ஒன்றே. உறையின் உடல் நேர்த்தி, வாய் நேர்த்தி, கத்தி ‘டக்’கென்று அமர்கிற சத்தம் கூட நேர்த்தி. நீள்துளை மட்டும் கடைசியில், பொழுது போய்விட்டது என்ற அவசரத்தில், தட்டை நான்கு முறை அழுத்தி எடுத்தது.

‘மூலை கூராக இருந்தால் என்ன, பெல்ட் நுழைந்தால் போதாதா’ என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். போதாது. ஒரு தகட்டில் துளை போட்டு இழுத்தால், இழுப்பின் பாரம் தகடு முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. துளையின் ஓரத்தில் வந்து குவிகிறது. அகன்ற தகட்டில் ஒரு சிறிய வட்டத் துளை இருந்தாலே அதன் ஓரத்தில் பாரம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். துளை கூர்மையான மூலையோடு இருந்தால் அந்த மடங்குக்கு எல்லையே சொல்ல முடியாதபடி ஏறிக்கொண்டு போகும். சார்லஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் 1913இலேயே இதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். எழுதியதை உலகம் எவ்வளவு சிரத்தையோடு படித்தது என்பதற்கு, கோமெட் என்ற ஜெட் பயணி விமானங்கள் சாட்சி. 1954 ஜனவரியில் ஒன்று எல்பா தீவுக்கருகிலும், ஏப்ரலில் மற்றொன்று நேப்பிள்ஸுக்குத் தெற்கிலும் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். கடலிலிருந்து எடுத்த சிதைவுகளையும் ஆராய்ந்தார்கள். உலோகத் தோலில் விட்ட திறப்புகளின் மூலையோரத்தில் விரிசல்கள் பிறந்து வளர்ந்ததைக் கண்டார்கள். ஒரே இழுப்பில் அவை அறுந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பறப்பிலும் உடல் உப்பி, சுருங்கி, மூலை சிறிது சிறிதாகச் சோர்ந்துகொண்டே வந்தது. உங்கள் உறையும் அப்படியே. மோட்டார் ஏறி இறங்கும் ஒவ்வொரு குலுக்கலிலும், குலை பொறுக்கக் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும், அந்த மூலை ஒரு சிறிய இழுப்பை வாங்குகிறது. கொடுத்த அன்று நீங்கள் இழுத்துப் பார்த்தபோது அறுந்து போகவில்லை என்பது ஓர் ஆதாரமே அல்ல. அதிலும் பிவிசி என்பது கீறலைப் பொறுக்காத வஸ்து; கீறல் இல்லாத இடத்தில் வளைந்து கொடுப்பது, கீறல் உள்ள இடத்தில் கண்ணாடியின் குணத்தைக் காட்டும்.

இனி, கருவியைப் பற்றி. ஆல்பர்ட் டிரெமல் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ராசீன் நகரில் 1930களில் தொடங்கிய இந்தச் சிறு சுழற்கருவி, இன்று பெயர் தெரியாத நூறு கம்பெனிகளின் நகலாய் நம் இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. மிகவும் சாமர்த்தியமான கருவி. ஆனால் நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேலும் சுழலக் கூடியது. எஃகை அறுக்க அந்த வேகம் தகும். பிளாஸ்டிக்கை அந்த வேகத்தில் தொட்டால், அறுபடுவதற்கு முன் உருகிவிடும். பிவிசி எண்பது டிகிரிச் சூட்டிலேயே விறைப்பை இழக்கத் தொடங்குகிறது; தட்டின் உராய்வு அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். உருகியது தட்டின் பின்னால் போய்த் துளைக்குள்ளேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ‘இன்னும் அறுபடவில்லையே’ என்று மேலும் அழுத்துவீர்கள். தட்டு நழுவி மூலையைத் தாண்டும். நான் மேலே சொன்ன பெருக்கல் குறிகள் பிறக்கும் விதம் இதுதான். வேகத்தைக் குறைக்கும் திருகு உங்கள் கருவியில் இருந்தால் அடியிலேயே வையுங்கள்; அறுக்கும்போது வெண்மையான தூளும் சீவலும் உதிர்ந்தால் வேகம் சரி, நூலாக இழுபட்டால் வேகம் அதிகம். திருகு இல்லாத மலிவான கருவியானால் நீள்துளைக்கு அதை உபயோகிக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உறையின் வாயைச் சீர்செய்யவும் ஓரம் மழிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் இதைவிட மோசமான ஒரு வழியைக் கையாளுகிறீர்கள். அதையும் சொல்லாமல் விடப்போவதில்லை. ரேடியோ பழுதுபார்க்கும் சால்டரிங் இரும்பைச் சூடாக்கிக் குழாயில் குத்தி, இழுத்து, துளையைச் ‘சுட்டு’ எடுக்கிறீர்கள். அப்போது எழுகிற, மூக்கைக் கிழிக்கிற அந்த நெடி ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். உங்கள் கண்ணின் ஈரமும் மார்பின் ஈரமும் அதற்குப் போதும். கொட்டகையில் மாட்டியிருக்கும் உளியும் ஸ்பேனரும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று அதிசயப்படுகிறீர்களே, இரும்பையே தின்பதை நீங்கள் சுவாசிக்கிறீர்கள். பக்கத்திலேயே குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு இதைச் செய்த ஒரு வீட்டை நான் பார்த்தேன். அந்த வீட்டுத் தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஹீட் கன்னால் வளைக்கும்போதும் இதே எச்சரிக்கை: குழாய் தொய்ந்தால் போதும், மஞ்சளித்தாலோ புகைந்தாலோ நீங்கள் ரொம்ப தூரம் போய்விட்டீர்கள். வெட்டவெளியில் செய்யுங்கள்.

சரியான வழி கஷ்டமானது அல்ல, நிதானமானது. உறையைத் தட்டி ஆறவைத்து, உங்கள் வாடிக்கையாளர் கட்டுகிற பெல்ட்டையே கொண்டுவரச் சொல்லி அதன் மேல் வைத்துப் பாருங்கள். உங்களுடைய பெல்ட்டின் அளவு அவருக்கு உதவாது. துளையின் நீளம் பெல்ட்டின் அகலத்தைவிட ஓர் அரிசி நீளம் கூடட்டும். துளையின் அகலம் பெல்ட்டின் தடிப்பைவிடச் சற்றே கூடட்டும். விளிம்பிலிருந்து துளைக்குக் குறைந்தது அரை அங்குலமாவது சதை இருக்க வேண்டும். நான் பார்த்த உறைகளில் பாதிக்குமேல் இந்த இடத்தில் பென்சில் நுனியளவுதான் விட்டிருந்தது. பென்சிலால் கோடு போட்டபின், கோட்டின் இரண்டு முனையிலும் ஆணியின் கூரால் லேசாகக் குத்தி அடையாளம் செய்து, துளையின் அகலத்துக்குச் சமமான டிரில் பிட்டால் முதலில் அந்த இரண்டு வட்டங்களையும் போடுங்கள். இதுதான் முழு இரகசியமும். முனைகள் முதலில் வட்டமாகிவிட்டால், நடுவில் நீங்கள் எதைச் செய்தாலும் வெட்டு போய் முடிவது ஒரு வட்டத்தில்தான்; மூலை என்ற ஒன்று பிறக்கவே வழியில்லை. கீழே ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் உறையைக் கிளாம்பால் இறுக்குங்கள்; கையில் பிடித்துக்கொண்டு டிரில் போடாதீர்கள். பிட் மறுபுறம் வெளிவரும்போது பிளாஸ்டிக்கைக் கவ்வி உறையையே சுழற்றிவிடும். விரலுக்கு உறை இல்லை.

இரண்டு வட்டங்களுக்கும் இடையே நெருக்கமாகத் துளைகள் போட்டு, மிஞ்சும் சிறு சுவர்களை மெல்லிய வாளால் அறுத்தெடுத்து, தட்டை அரத்தால் நேராக்குங்கள். பொறுமையில்லாதவர்கள் இந்த நடுப்பகுதியில் மட்டும் சுழற்கருவியைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். எனக்கு அதில் ஆட்சேபமில்லை, கண்ணாடி அணிந்துகொண்டால். அந்தச் சிறு வெட்டுத் தட்டுகள் பக்கவாட்டில் சற்றே திருகினாலும் துண்டாகிப் பறக்கும். எந்தத் திசையில் பறக்கும் என்று தட்டுக்கே தெரியாது. கடைசியில் உருண்டை அரத்தால் முனை வட்டங்களையும், உப்புத்தாளால் உள்ளோரம் வெளியோரம் இரண்டையும் மழியுங்கள். நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள்; நகம் எங்கே தடுக்குகிறதோ அங்கே நாளைய விரிசல் உட்கார்ந்திருக்கிறது.

பாராங்குக்குச் சொன்னது இவ்வளவு. செம்பனை அரிவாள் வேறு ஜாதி. அதன் கூர் வளைவின் உட்புறத்தில் இருப்பதால் தட்டை உறை அதற்குப் பொருந்தாது. சிறிய குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, மணல் நிரப்பிச் சூடுகாட்டி, அரிவாளின் வளைவுக்கே வளைத்து, கூரின்மேல் மாட்ட வேண்டும். மணல் நிரப்பாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும் என்பது குழாய் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய பாடம். இந்த உறைக்குப் பெல்ட் துளை வேண்டியதில்லை; கட்டுவதற்கு டியூப் வார் நுழையும் சிறு துளைகளே வேண்டும், அவற்றுக்கும் வட்ட முனையே விதி. கழியில் மாட்டிய அரிவாளை மோட்டாரின் பக்கவாட்டில் கட்டி, கூர் பின்னால் வருகிறவன் கழுத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்க, சித்தியவான் சாலையில் போகிறார்களே, அந்தக் காட்சியை உங்களால் ஒழிக்க முடியும். ஆனால் இந்த அரிவாள் உறையைச் செய்கிறவர்கள் உங்களில் மிகச் சிலர். பாராங் உறை இடுப்பில் அழகாகத் தெரியும், படம் எடுக்கலாம். அரிவாள் உறையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இது எனக்கு வருத்தம்.

மற்றொன்று, அடிநுனியில் ஒரு சிறு துளை. மழைத்தண்ணீரும் செம்பனை மட்டையின் சாறும் உறைக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கத்தியின் நுனியைத் தின்றுவிடுகின்றன. அந்தத் துளை கத்தி நுனி வெளியே எட்டிப் பார்க்காத அளவு சிறியதாக இருந்தால் போதும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். ‘இவ்வளவு செய்தால் ஓர் உறைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது, கொடுக்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது, வாங்குகிறவர்கள் துளையைப் பார்ப்பதில்லை, உறையின் மேலே பொறித்த புலியையும் மண்டையோட்டையும்தான் பார்க்கிறார்கள்.’ உண்மை. வாங்குகிறவர் துளையைப் பார்ப்பதில்லை. ஆகவேதான் அதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. புலிக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியைத் துளைக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான். சிலர் குழாயை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து கைடெக்ஸ் தகடு வரவழைத்துச் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். அது 1965இல் ரோம் அண்டு ஹாஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி விமானங்களின் உட்புறத்துக்காகச் செய்த, அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த தகடு. குழாயைவிட உறுதியானது, சந்தேகமில்லை. ஆனால் உறுதியான தகட்டில் போட்ட கூர்மூலையும் கூர்மூலைதான். விலையுயர்ந்த சாமானைக் கொண்டு செய்ததனால் துளைக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது.

இன்னொரு சங்கடமான விஷயம். உறை அழகாய் வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்த பிறகும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு டவுனுக்குள்ளும் இரவுச் சந்தைக்குள்ளும் நடக்கிற சிலரைப் பார்க்கிறேன். அபாயகரமான ஆயுதங்களைப் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் அப்படிப்பட்ட ஆயுதம் வைத்திருப்பது கடுமையான குற்றம். தோட்டத்துக்குப் போகிற வழியில் பாராங் ஒரு கருவி. சந்தையில் நின்று சத்தே சாப்பிடும்போது அது என்ன என்று போலீஸ்காரரிடம் விளக்கும் நிர்ப்பந்தம் நமக்கு வேண்டாம். பாராங் என்ற சொல்லையும் நம் பிள்ளைகளின் பெயரையும் ஒரே வாக்கியத்தில் படிக்க இந்த நாடு பழகிப் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு உங்கள் கைவேலை தீனி போடக் கூடாது. உறை கொடுக்கும்போதே, ‘வேலை முடிந்தால் கழற்றிச் சாக்கில் சுற்றி மோட்டாரில் கட்டுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். எல்லைக் காவலாய் நிற்கும் முனியாண்டி உறையில்லாத அரிவாளோடு நிற்கலாம். அவரை யாரும் நிறுத்திச் சோதிக்கப் போவதில்லை.

உங்கள் உறைகளை இன்று யார் கட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லயங்கள் காலியாகி நம்மவர் டவுனுக்கு வந்துவிட்ட பிறகும், பூச்சோவ் சீனர்கள் 1903இல் சித்தியவானில் குடியேறிய நாளிலிருந்து பெருகிய சிறுதோட்டங்களில் குலை வெட்டுகிற நம் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பின்னவர்களுக்கு உங்கள் மொழி தெரியாது; துளை சரியில்லை என்று திரும்பி வந்து கேட்கவும் மாட்டார்கள். நம் தாத்தாக்களும் இந்தக் கரையில் இறங்கியபோது அப்படித்தான், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைவிபத்துத் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். நல்ல காரியங்கள். ஆனால் அவை வெட்டுப்பட்ட பிறகு பணம் தரும், அல்லது முதலாளியிடம் கேள்வி கேட்கும். அறுந்துபோன குதிகால் நரம்பு எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்தாலும் பழையபடி ஆவதில்லை. வெட்டுப்படாமல் இருப்பது, அந்தக் காலையில், உங்கள் துளையின் இரண்டு முனைகளைப் பொறுத்தது.

ஆகவே என் விண்ணப்பம் இது. செம்பனைக் குலைகள் அதிகமாய் விழுகிற பருவமும் ஆயுத பூஜையும் நம் ஊரில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. அதற்கு முன்பாக, நீங்கள் இதுவரை கொடுத்த உறைகளில் எத்தனையை அடையாளம் காண முடியுமோ அத்தனையையும் திரும்ப வாங்கிப் பாருங்கள். மூலைகள் கூராக இருந்து விரிசல் இன்னும் தொடங்காதிருந்தால், ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு வட்டத் துளை போட்டு அரத்தால் இணைத்துவிடுங்கள், உறை பிழைத்துக்கொள்ளும். விரிசல் தொடங்கிவிட்டதைப் பார்த்தால் பசை போட்டு ஒட்டிக் கொடுக்காதீர்கள். வேறு உறை செய்து கொடுங்கள், காசு வாங்காமல். அப்படிச் செய்வதனால் உங்கள் கௌரவம் குறையும் என்று பயப்பட வேண்டாம். உங்களிடம் வாங்கியவர்கள் அதைப் பத்துப் பேரிடம் சொல்வார்கள். பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பதற்குக் கத்திகளை வரிசையாய் அடுக்கும்போது, உறைகளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் துளையிலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

வைஸ், டிரில், அரங்கள் மூன்றும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்து உபயோகித்துக்கொள்ளலாம். சால்டரிங் இரும்பை மட்டும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
செம்பனை ஆலையின் முன்னாள் பிட்டர் ஒருவர்,
ஆயர் தாவார், பேராக்.